வாயைக் கேட்காதே, கையைப் பார்

எனக்கு இடம் வலம் தெரியாது. சொன்னால் சிரிக்கிறார்கள். பதினான்கு வருடமாக நான் செய்யும் வேலையே "வலது கையைத் தூக்குங்கள், இடது காலை மடக்குங்கள்" என்று ஊருக்குச் சொல்வதுதான். நான் யோகா டீச்சர். காலையில் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் இரண்டு வகுப்பு. சாயங்காலம் ஆஸ்டின் டவுனில், எங்கள் தெருமுனை சமுதாயக் கூடத்தில் ஒரு வகுப்பு.

வேலைதான் என்னை இப்படி ஆக்கியது. வகுப்பைப் பார்த்து நின்று சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாய் "வலது கை" என்று சொல்லும்போது நாங்கள் தூக்குவது இடது கையை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும், யோசிக்காமல் கூடவே செய்துவிடுவார்கள். ஆரம்பத்தில் ஆறு மாதம் எனக்கு மண்டை காய்ந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகிய பிறகு அது வகுப்போடு நிற்கவில்லை, வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

ஆட்டோவில் ஏறினால் என் கை இடப்பக்கம் நீளும், வாய் "ரைட் தகொள்ளி" என்று வலப்பக்கம் திரும்பச் சொல்லும். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வாய் சொல்வது ஒன்று, கை சொல்வது ஒன்று, யாருக்குக் கட்டுப்படட்டும் என்று கன்னடத்தில் பொறுமையாகக் கேட்டார். கைக்குத்தான். என் கை பொய் சொல்லாது, போக வேண்டிய பக்கத்தைச் சரியாகக் காட்டிவிடும். வாய்தான் எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டமே உண்டு. போட்டது என் கணவர். மகள் ஸ்கூட்டி ஓட்டப் பழகி, முதல்முதலாக என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பிய அன்று அவர் அவளுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றுதான். "உங்கம்மா வழி சொன்னா வாயக் கேக்காத, கையப் பாரு." மகள் இப்போது வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். என்னிடம் போனில் வழி கேட்கவே மாட்டாள், வீடியோவில்தான் கேட்பாள்.

என் கணவர் டிரைவர். மெட்ரோ நிலையத்திலிருந்து ஐடி கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்கும் ஷட்டில் வண்டி ஓட்டினார். என் முதல் வகுப்பும் அவர் முதல் ட்ரிப்பும் ஏறக்குறைய ஒரே நேரம் என்பதால், விடியும் முன்னே ஒரே பைக்கில் வைட்ஃபீல்டுக்குப் போவோம். வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வருவேன். சிக்னலில் நின்றால் அவர் திரும்பிப் பார்க்காமலே, "ஊருக்கே மூச்சு உடச் சொல்ற, நீ உடவே மாட்டேங்கறியே" என்பார். உண்மைதான். எனக்குக் கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் முதலில் மூச்சு நின்றுபோகும். எனக்கு அடிக்கடி கோபம் வரும். யோகா டீச்சருக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களிடம், யோகா இல்லையென்றால் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்பேன்.

கோபம் வராமல் என்ன செய்யும்? கிளப் ஹவுஸில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரெட்மில் தடதடவென்று ஓடும், இந்தப் பக்கம் நாங்கள் மூச்சைக் கவனிப்போம். பாயின் பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கவிழ்த்து வைத்த போனைத்தான் மனசு நிமிர்த்தி நிமிர்த்திப் பார்க்கும். மூச்சுப் பயிற்சியைத் தன் ஸ்மார்ட் வாட்ச் எக்சர்சைஸ் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒருவருக்கு வருத்தம். எந்த முத்திரை பிடித்தால் தைராய்டு சரியாகும் என்று ஒரு அம்மா வாராவாரம் கேட்பார். தைராய்டுக்கு மாத்திரை இருக்கிறது, வெறும் வயிற்றில் போடுங்கள் என்று நானும் வாராவாரம் சொல்வேன்.

முத்திரையை நான் மருந்தாக நினைத்ததில்லை. கட்டை விரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொட்டுக்கொண்டு, மற்ற மூன்று விரல்களும் நீண்டிருக்க, கை முழங்கால் மேல் இருக்கிறது. அவ்வளவுதான் சின் முத்திரை. ஆனால் அந்த இரண்டு நுனியும் தொட்டிருக்கிறதா என்பதை உள்ளே யாரோ பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பதை விட்டால் விரல் பிரிந்துவிடும். மூச்சும் அப்படியே. அது பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும், நாம்தான் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். என் படிப்புக்கு எட்டிய தத்துவம் இவ்வளவே.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு வித்தை, கைகளைப் படிப்பது. எல்லோரும் கண்ணை மூடியபின் நான் மட்டும் திறந்த கண்ணோடு இருப்பேன். நகம் வெளுக்கும்வரை விரலை அழுத்துகிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பார். விரல் மெல்ல மெல்லப் பிரிந்தால் தூக்கம். ஒருத்தியின் சுண்டுவிரல் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பு முடிந்ததும் என்ன என்று கேட்டேன், வேலை போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றாள். முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கையை வைத்துக்கொள்ள யாருக்கும் தெரியாது என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அவர் என் வகுப்புக்கு வரத் தொடங்கியது பி.பி. வந்த பிறகு. மாத்திரையை ஒருநாள் போடுவார், இரண்டு நாள் மறப்பார். அதனால் சாயங்கால வகுப்புக்கு இழுத்துவந்தேன். கூடத்தில் பெண்கள்தான் அதிகம், அவர் பின் சுவர் ஓரமாக, அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் உட்காருவார். சின் முத்திரையை மூக்குப்பொடி எடுப்பதுபோல் பிடிப்பார். மூச்சு தானாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, அதை எதற்கு நிறுத்தி விசாரணை பண்ணுகிறாய் என்று எல்லோர் எதிரிலும் கேட்பார். பெண்கள் சிரிப்பார்கள். நான் முறைப்பேன். வீட்டில் "இந்தா" என்று கூப்பிடுகிறவர் வகுப்பில் மட்டும் "டீச்சர்" என்பார். அதிலும் ஒரு கிண்டல் இருக்கும்.

ஆனால் நான் "வலது" என்று இடது கையைத் தூக்கும்போது ஒருநாளும் தடுமாறாதவர் அவர் ஒருவர்தான். வண்டிக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டியவருக்கு அது பழகிப்போன விஷயம். என்னைப் பார்த்தபடியே சரியான கையைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் தடுமாறும் அக்காவுக்கும் சொல்லிக்கொடுப்பார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வகுப்பில்லை, அவருக்கு வண்டியில்லை. காலை ஏழரை மணி இருக்கும். அவர் வீட்டு ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தார், நான் சமையலறையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. தரையைத் துடைக்கும் வேலை எனக்கு என்று திட்டிக்கொண்டே வந்தேன். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். வலது கை உடம்புக்குக் கீழே மாட்டியிருந்தது, அதை எடுக்க அவர் முயற்சியே செய்யவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் வார்த்தை எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸுக்கு போன் அடித்தேன். தெருப் பெயர், அடையாளம் எல்லாம் சொன்னேன். அவரைப் புரட்டி மல்லாக்கப் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவரே கூப்பிட்டார். மாவு மில் முனைக்கு வந்துவிட்டாராம். எங்கள் தெரு அந்த முனையில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் திரும்பினால் நான்காவது வீடு எங்களுடையது. வலது பக்கம் போனால் சந்து சுருங்கிச் சுருங்கி ஒரு மதில் சுவரில் போய் முட்டும்.

"ரைட்டா, லெஃப்டா மேடம்?" என்றார்.

"ரைட் அண்ணா, ரைட் தகொள்ளி. ரைட், ரைட்."

போன் என் ஒரு கையில் இருந்தது. அவர் அப்போது தன் இடது கையைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்தார். தூக்குவார், பக்கவாட்டில் போடுவார், மறுபடி தூக்குவார். கண் என்மேலேயே இருந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பயத்தில் உதறுகிறார், உதறினால் இன்னும் மோசமாகும் என்று நினைத்தேன். மறு கையால் அந்தக் கையைப் பிடித்து அவர் நெஞ்சின்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அசையாதீங்க. ஒண்ணுமில்ல. மூச்சக் கவனிங்க" என்றேன்.

அவர் கை என் கைக்கு அடியில் இரண்டு முறை எம்பியது. நான் விடவில்லை. அப்புறம் அது சும்மா இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு மூச்சைக் கவனிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சைரன் சத்தம் சமையலறை ஜன்னல் பக்கம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு வரும் எந்த வண்டியும் அந்தப் பக்கத்திலிருந்து வராது. அது மதில் சுவர்ச் சந்து. அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் என் வாய் என்ன சொன்னது என்று எனக்குத் தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் போன் பேசும்போது என் இன்னொரு கை காற்றில் வழி காட்டிக்கொண்டிருக்கும், அது இடப்பக்கம் நீளுவதைப் பார்த்தாவது நான் வாயைத் திருத்தியிருக்கலாம். அன்று அந்தக் கைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டேன்.

ஓடிப்போய்ப் படியில் நின்று கத்தினேன். கீழ்வீட்டு அக்கா நைட்டியோடு ஓடினார். சந்தில் மணல் கொட்டியிருந்தது, வண்டியைத் திருப்ப முடியாது, பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். பின்னால் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கூட்டமும் அவர்கள் வண்டிகளும். அக்கா ஒவ்வொருவராக விலக்கி, ஆம்புலன்ஸை வாசலுக்குக் கொண்டுவரப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். கரைக்கும் ஊசி போட்டார்கள். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். வலது கையும் பேச்சும் எவ்வளவு திரும்பும் என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும், இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்றார். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். மகள் வந்தாள், சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லோரிடமும் டம்ளர் விழுந்ததைச் சொன்னேன், மாவு ஊற்றிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். ஆம்புலன்ஸ் எங்கே போய்விட்டு வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. கீழ்வீட்டு அக்கா, இந்த டிரைவர்களுக்கு வழியே தெரிவதில்லை என்று என் எதிரிலேயே ஒருவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் கை திரும்பி வருமா என்பது வீட்டில் எல்லோருக்கும் இருந்த கவலை. கை வந்தால்தான் ஸ்டியரிங். ஸ்டியரிங் இல்லாத அவரை எனக்கே கற்பனை செய்யத் தெரியவில்லை. அந்தக் கையைப் போக்கியது நானா என்பது எனக்கு மட்டும் இருந்த கவலை. அதைச் சொல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி வகுப்புக்குப் போனேன். பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, தனியாக. "வலது" என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. அத்தனை பேரும் கை தூக்கக் காத்திருந்தார்கள். "ஜன்னல் பக்கக் கை" என்றேன். தூக்கினார்கள். அன்றிலிருந்து ஜன்னல் பக்கக் கை, கதவுப் பக்கக் கை, நீச்சல் குளத்துப் பக்கக் கால் என்றே ஓட்டினேன். இப்படிச் சொன்னால் மனசு இங்கேயே நிற்கிறது, புதுசாக இருக்கிறது என்று அந்தத் தைராய்டு அம்மா பாராட்டினார். நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

வீட்டுக்கு வாரம் மூன்று நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். கன்னடக்காரப் பெண், அவரை "அங்கிள்" என்று கூப்பிட்டு அதட்டுவாள். ஒருநாள் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் நிறுத்தினாள். முடங்கிய கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவைக்க வேண்டும். நல்ல கையை முன்னால் வைத்து அசைக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் கையைப் பார்க்கப் பார்க்க, மறைந்திருக்கும் கைதான் அசைகிறது என்று மூளை நம்பத் தொடங்கும். சிலருக்கு நன்றாகப் பலன் தரும், சிலருக்குத் தராது, சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அவருக்குக் கண்ணாடி பிடிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் தலை வலிக்கிறது என்று சைகை காட்டித் தள்ளிவிடுவார். பேச்சு அப்போது இரண்டு மூன்று வார்த்தைதான் வந்திருந்தது. ஒருநாள் கண்ணாடியைத் தள்ளிவிட்டு இடது கையால் என்னைக் காட்டினார். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். "டீச்சர்" என்றார். சுத்தமாக, கிண்டல் உட்பட வந்த முதல் வார்த்தை அதுதான். எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி எதற்கு, பதினான்கு வருடமாக நீ அந்த வேலையைத்தானே செய்கிறாய் என்கிறார்.

எதிரே போய் உட்கார்ந்தேன். என் இடது கையை என் தொடைமேல் வைத்தேன். ஒரு மாதத்துக்கும் மேலாகச் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். "வலது கை." அவருடைய வலது கை தொடைமேல் துவண்டு கிடந்தது. உள்ளே இழுக்கும் மூச்சில் என் விரல்கள் விரிந்தன, வெளியே விடும் மூச்சில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தொட்டன. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் அசையவில்லை. ஆனால் அவர் மூச்சு என் மூச்சோடு சேர்ந்து வந்தது. அன்றைக்கு அது போதும் என்று எழுந்துவிட்டேன்.

அப்படித் தினமும் காலையில் கால் மணி நேரம். பிசியோ பெண்ணிடம் சொன்னேன். அவள் சொல்லித்தரும் பயிற்சியை விடாமல் இதையும் செய்யுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை என்றாள். வாரங்கள் போயின. கட்டை விரல் ஒருநாள் லேசாகத் துள்ளியது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். வாய்விட்டுச் சொன்னால் போய்விடுமோ என்று இருந்தது. மழைக்காலம் முடியும்போது கட்டை விரல் ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை வந்து தொட்டது. நுனிக்கு வரவில்லை. பேச்சும் மெல்ல மெல்ல வந்தது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் ஒரு கியர் மாற்ற வேண்டியிருந்தது.

கை கொஞ்சம் கொஞ்சமாக வர வர எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமானது. அது எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த இடத்துக்கு நான் பொறுப்பு என்று தோன்றியது. நடுக்கணுவுக்கும் நுனிக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி அந்தப் பத்து நிமிடம்தான் என்று தோன்றியது. டாக்டர் கேட்டால் இப்படியெல்லாம் கணக்குப் போடாதீர்கள் என்பார். மனசு போட்டது.

ஒரு காலைப் பயிற்சியில் அவர் விரல் நுனிக்கு மிக அருகில் வந்து நின்றது. நடுங்கியது. மூச்சை விடும்போதெல்லாம் முயன்றார், முடியவில்லை. என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் தோற்றுப்போனதற்கு அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் மில் முனையில் நின்று கேட்டார், நான் ரைட் என்று சொல்லிவிட்டேன், வண்டி சந்தில் போய் மாட்டிக்கொண்டது, உங்கள் கை போனது என்னால்தான், இத்தனை மாதம் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். கொட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, என் தொடைமேல் முத்திரையோடு இருந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரியும்" என்றார்.

நிமிர்ந்தேன்.

"கேட்டுகினுதான... இருந்தேன்" என்றார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "நீ ரைட்டுன்ன. நான் லெஃப்ட்டுன்னு... கை காட்னேன். தூக்கித் தூக்கிக் காட்னேன். நீ புடிச்சி... அமுக்கிட்ட."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அன்றைக்கு அவர் இடது கை தரையிலிருந்து எழுந்தது கண்முன் தெரிந்தது. பக்கவாட்டில் போட்டது, மறுபடி எழுந்தது, என்மேலேயே இருந்த அந்தக் கண். அதைத்தான் பயத்தில் உதறியதாக நான் இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு போய், பாதி உடம்பு போய், மிச்சமிருந்த ஒரே கையால் அவர் எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரில் உள்ளவர்கள் கையையெல்லாம் படித்துப் பெருமையடித்த நான், அந்தக் கையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்தி, மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். என் கைக்கு அடியில் அது எம்பியது இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில் பேச்சு வரவில்லை, வந்த பிறகு சொன்னால் நீ வகுப்பையே விட்டுவிடுவாய் என்று நினைத்தேன் என்றார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. பிறகு பாதி வாயால் சிரித்தார்.

"எல்லாரும்... உன் கையத்தான் பாப்போம். நீ என் கையப் பாக்கல."

அதில் குற்றம் சொல்லும் தொனி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. மாவு மில் முனையில் வழி தவறியதை ஒரு டிரைவர் இன்னொருவரிடம் சொல்வதுபோல் சொன்னார். நான் அழுதேன். வழக்கம்போல் என் மூச்சு நின்றுபோய், சத்தமே வராத அழுகை. அவர் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தார். பிடித்து என் நெஞ்சின்மேல் வைத்து அழுத்தினார்.

"அசையாத" என்றார். "மூச்சக் கவனி."

நான் மூச்சைக் கவனிக்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.